இரண்டாவது பள்ளிக்கூடம்

வழியை மறித்து வைத்த கோனைத் தள்ளிவிட்டு ஒருவன் காரைக் கொண்டுவந்து ஏற்றியபோது மஞ்சள் கோடு இன்னும் காயவில்லை.

குகநாதன் முழங்காலில் இருந்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்தான். பெரிய கறுப்புக் கார். நாலு சக்கரமும் கோட்டின்மேல். காலை ஏழு மணிக்கு வந்து, நிலத்தைக் கூட்டி, ஈரத்தை உலர்த்தி, சோக்கு நூல் பிடித்து அடித்து, ஒவ்வொன்றாக இழுத்த கோடுகள். லண்டனில் சட்டன் பக்கத்து ஹெல்த் சென்ரர் ஒன்றின் கார்பார்க் அது. வாசலுக்கு நேரே அம்புலன்ஸ் நிற்கிற இடத்தைக் குறுக்குக் கோடுகளால் அடைத்து, நடுவில் வெள்ளையில் பெரிய எழுத்தாக அம்புலன்ஸ் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"ஹலோ! பெயின்ற் ஈரம்!"

"ரெண்டே நிமிசம்," என்றான் காரிலிருந்து இறங்கியவன். "மருந்து எடுத்துக்கொண்டு வந்திடுவன்."

"இது அம்புலன்சுக்கான இடம்."

அவன் திரும்பி இடம் வலம் பார்த்தான். "அம்புலன்ஸ் ஒண்டையும் காணேல்லையே," என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

குகநாதனுக்கு ஐம்பத்துமூன்று வயது. இந்த வேலையில் பன்னிரண்டு வருடம். அதற்கு முதல் வன்னியில் மேசனுக்குக் கல் சுமந்தவன், உழவு மெசின் ஓட்டியவன், சண்டைக் காலத்தில் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை எல்லாம் செய்தவன். கோட்டை மதிக்காதவனைக் கண்டால் முன்பெல்லாம் சத்தம் போடுவான். இப்போது சத்தம் போடுவதில்லை. கார் போனபிறகு உருளையை எடுத்து மறுபடி பூசுவான்.

வேலை வான் வண்டிக்குப் பக்கத்தில் பெயின்ற் வாளியைக் கலக்கிக்கொண்டிருந்த பாஸிம் மற்ற நாளென்றால் இந்நேரம் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். "அண்ணை, உன்ரை கோடு அவனுக்கு வரவேற்புக் கம்பளம்" என்று ஏதாவது சொல்லியிருப்பான். இன்றைக்கு அவன் சிரிக்கவில்லை. கலக்குகிற தடியை வாளிக்குள் விட்டுவிட்டு மறுபடி போனைப் பார்த்தான்.

பாஸிம் காஸாவில் பிறந்தவன். நாற்பது வயது. லண்டனுக்கு வந்து பதினொரு வருடம், குகநாதனோடு வேலை செய்யத் தொடங்கி மூன்று வருடம். முதலாளி ஜெரோசன் குகநாதனை அண்ணை என்று கூப்பிடுவதைக் கேட்டு அதுதான் அவனுடைய பெயர் என்று நினைத்துக் கூப்பிடத் தொடங்கினான். அர்த்தம் தெரிந்த பிறகும் விடவில்லை. இருவருக்கும் பொதுவானது வேலைத்தள ஆங்கிலம். அதில் சண்டை பிடிக்கலாம், பகிடி விடலாம், தேத்தண்ணீர் கேட்கலாம். அதற்கு மேலே போனால் இரண்டு பேருக்கும் நாக்குத் தடக்கும்.

இன்று காலை வானில் வரும்போதே பாஸிம் கேட்டுவிட்டான்.

"அண்ணை, லிஸ்ற் நாலு மணிக்கு மூடுறாங்கள். ரீம் கேட்கிறாள். குடுக்கிறதோ, விடுறதோ?"

"வேலையை முடிப்பம். பிறகு கதைப்பம்," என்றான் குகநாதன்.

ரீம் பாஸிமின் அக்கா. தாதி. காஸாவின் நடுப்பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்துக் கீழ்த்தளத்தில் நாற்பது மெத்தை போட்டு, இரண்டு டொக்டர்மாரை வைத்துக்கொண்டு ஒரு கிளினிக் நடத்துகிறாள். மேல்மாடியில் இடம்பெயர்ந்த சனம். இப்படியான இடங்களின் ஜீ.பி.எஸ் இலக்கங்களை ஓர் உதவி நிறுவனம் வாங்கி, பட்டியலாக்கி, இஸ்ரேலிய இராணுவத்துக்கு அனுப்பும். இந்த இடத்தில் நோயாளிகள் இருக்கிறார்கள், அடிக்காதே என்பதுதான் பட்டியலின் பொருள். இந்தமுறைப் பட்டியல் லண்டன் நேரம் மாலை நாலுக்கு மூடுகிறது. அடுத்தது எப்போது என்று கேட்டால், அதைச் சொல்ல வேண்டியவர்களுக்கே தெரியாது.

ஐந்து வாரமாக ரீம் இலக்கத்தைக் கொடுக்கவில்லை. கொடுக்காதே என்று அவளுக்குச் சொன்னவன் பாஸிம். பாஸிமுக்குச் சொன்னவன் குகநாதன்.

அது மே மாதம் நடந்தது. ஒவ்வொரு மே பதினெட்டும் நினைவு நாளுக்குக் குகநாதன் போவான். வன்னிச் சண்டையின் கடைசி நாட்களில் குடித்த உப்புக் கஞ்சியைப் பேப்பர் கப்பில் ஊற்றிக் கொடுப்பார்கள். பேச்சாளர்கள் பேசி முடித்தபிறகு, நேரில் கண்டவர்களை மேடைக்கு அழைப்பார்கள். ஆளுக்கு நாலு நிமிடம். பத்து வருடமாகக் குகநாதனுக்கும் நாலு நிமிடம். இந்த வருடம் பாஸிமையும் கூட்டிக்கொண்டு போனான். பாஸிம் கஞ்சியைக் குடித்துவிட்டு, "உப்புக் காணாது" என்றான். "அப்பவும் காணாதுதான்," என்றான் குகநாதன்.

மேடையில் பேசியதை அவன் திரும்பி வரும்போது ட்ராமில் வைத்துப் பாஸிமுக்கு ஆங்கிலத்தில் சொன்னான். வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். டொக்டர் கூரையில் சிவப்புச் சிலுவை போடச் சொன்னார். குகநாதனும் மன்னாரைச் சேர்ந்த கிறிஸ்துராஜா என்ற மேசனும் தகரச் சீற் கூரையில் ஏறிப் போட்டார்கள். "கடைசியா உன்னையும் சிலுவை போட வச்சிட்டன் பார்த்தியோ, இனி ஞாயிறு பூசைக்கு வா," என்று கிறிஸ்துராஜா சிரித்தான். பிறகு டொக்டர் ஒரு ஜீ.பி.எஸ் கருவியைக் கொடுத்து மேலே அனுப்பினார். குகநாதன் அதை வானத்துக்குக் காட்டி, வந்த இலக்கத்தை உரத்து வாசித்தான். கீழே நின்று டொக்டர் அதைத் தொலைபேசியில் வெளியே ஓர் உதவி நிறுவனத்துக்குச் சொன்னார். எல்லாத் தரப்புக்கும் அறிவிக்கப்படும் என்று பதில் வந்தது. மூன்றாம் நாள் இராணுவத்தின் ஷெல் விழுந்தது. சிலுவையின் ஒரு கை வெளிறிப்போச்சு என்று திருப்பிப் பூச ஏறியிருந்த கிறிஸ்துராஜா கூரையோடு போனான்.

"நாங்கள் இலக்கத்தைக் குடுத்தோம். அவங்கள் அதையே குறிபார்த்து அடிச்சாங்கள்." மேடையில் கடைசி வசனம் இதுதான். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

அன்று இரவே பாஸிம் அக்காவுக்குச் சொல்லிவிட்டான். என்னோடு வேலை செய்கிற ஆள், நேரில் கண்டவர், கொடுக்காதே என்கிறார். ரீம் தம்பியை நம்பினாள். போன கிழமை கிளினிக்குக்கு இரண்டு கட்டிடம் தள்ளிக் குண்டு விழுந்து யன்னலெல்லாம் போய்விட்டது. இப்போது டொக்டர்மார் கொடு என்கிறார்கள், மேல்மாடிச் சனம் கொடுக்காதே என்கிறது. அவள் திரும்பவும் தம்பியிடம் கேட்கிறாள். தம்பி அண்ணையிடம் கேட்கிறான்.

கார்க்காரன் இருபது நிமிடம் கழித்து வந்தான். கையில் மருந்துப் பையும் ஒரு கோப்பியும். சக்கரம் மஞ்சளை இழுத்துக்கொண்டு வாசல்வரை போனது.

"நாசமாய்ப் போவான்," என்றான் குகநாதன்.

போன் அடித்தது. ஜெரோசன்.

"அண்ணை, முடிஞ்சுதோ?"

"எங்கை முடியிறது? ஒருத்தன் மேல ஏத்தி இழவெடுத்துப்போட்டுப் போறான்."

"அவனோட சண்டைக்குக் கிண்டைக்குப் போகேல்லைத்தானே? ரிவியூவில எழுதிப்போடுவாங்கள் அண்ணை. நாலரைக்கு மழை எண்டு சொல்லுறான். மூண்டுக்குள்ள எழுத்தை முடியுங்கோ."

"ஓம் ஓம்."

"பாஸிம் என்ன செய்யிறான்?"

"வேலை செய்யிறான். வேறை என்ன செய்யிறது?"

பன்னிரண்டரைக்கு வானின் பின்கதவைத் திறந்துவைத்து இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். குகநாதனின் மனைவி சுவர்ணா கட்டிக்கொடுத்த புட்டும் கத்தரிக்காய்ப் பிரட்டலும். எப்போதும் இரண்டு பேருக்குக் காணத்தான் கட்டுவாள். பாஸிம் தொடவில்லை. போனை நீட்டினான்.

"இதைப் பார். இந்தப் படிவத்தைத்தான் நிரப்பவேணும்."

ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். இடத்தின் பெயர், கட்டிடத்தின் நிறம், மாடிகள் எத்தனை, படுக்கைகள் எத்தனை, கூரையில் அடையாளம் உண்டா, பெயின்ற் என்ன நிறம். பதினோராவது கேள்வியில் பாஸிமின் விரல் நின்றது. கட்டிடத்திலோ அதன் அருகிலோ ஆயுதம் தாங்கியவர்கள் இருக்கிறார்களா?

"அருகிலை எண்டால் எவ்வளவு தூரம்?" என்று பாஸிம் கேட்டான். "ரீம் கேட்கிறாள். மதிலுக்குள்ளையோ, தெருவோ, அடுத்த தெருவோ? துவக்கோட ஆக்கள் வராமல் இல்லை. வந்தவங்கள். அவள் வாசலிலை நிண்டு கத்திக் கலைச்சவள். நாளைக்கு வரமாட்டாங்கள் எண்டு அவள் எப்பிடிக் கையெழுத்துப் போடுறது? ஊசி போடுறவளிட்டை இதையும் கேட்கிறாங்கள்."

குகநாதனுக்குப் பள்ளிக்கூட மதிலோடு இயக்கத்தின் பிக்கப் வாகனம் நின்றது ஞாபகம் வந்தது. அதை எடுக்கச் சொல்லி டொக்டர் அவர்களோடு சண்டை பிடித்தார். அடுத்த நாள் எடுத்தார்கள். அதற்கடுத்த நாள் வேறொன்று வந்து நின்றது. அதையும் அவன் மேடையில் சொன்னதில்லை. நாலு நிமிடம்தானே.

"பொறு," என்றான். "மகளிட்டைக் கேட்பம்."

அவனுடைய மகள் ஜதுர்ஷிகா சட்டம் படிக்கிறாள். கடைசி வருடம். யுத்தத்தில் ஆஸ்பத்திரிகளுக்கு உள்ள பாதுகாப்புப் பற்றித்தான் நீண்ட கட்டுரை எழுதுகிறாள். வீட்டுக் குசினி மேசையில் உப்புப் போத்தல் வைக்கவும் இடமில்லாமல் அந்தப் புத்தகங்கள் கிடக்கும். அவன் போனை லௌட்ஸ்பீக்கரில் போட்டான்.

"அப்பா, லிஸ்ன். லிஸ்ற்றில இருந்தாலும் இல்லாட்டியும் கிளினிக் புறொரெக்ரட், அடிக்கக் கூடாத இடம். சட்டத்தில அதிலை டவுட்டே இல்லை. ரெட் குறொஸ் போடாட்டியும் புறொரெக்ரட். போட்டா ஈஸியா அடையாளம் காணலாம், அவ்வளவுதான்."

"அப்ப என்ன கோதாரிக்கு லிஸ்ற்?"

"பாதுகாப்பைக் குடுக்கிறது லிஸ்ற் இல்லை அப்பா. அது தெரியப்படுத்துறது."

"பாஸிம் கேட்கிறான், துவக்கோட ஆரும் பக்கத்திலை வந்தா?"

"வந்தாப்போலை பாதுகாப்புப் போகாது. கிளினிக்குக்குள்ளை இருந்து அடிக்கிறது, ஆயுதம் ஒளிக்கிறது மாதிரி ஏதும் நடந்தாத்தான் போகும். அப்பவும் முதல் வோணிங் குடுத்து எச்சரிக்கவேணும், நிப்பாட்ட ரைம் குடுக்கவேணும். அதுக்குப் பிறகும் அடிச்சால், உள்ளுக்கு இருக்கிற சிவிலியன்ஸ் எத்தனை பேர், அடிச்சு வாற பிரயோசனம் என்ன எண்டு நிறுத்துப் பார்க்கவேணும்."

"ஆர் நிறுக்கிறது?" என்று பாஸிம் கேட்டான்.

"அடிக்கிற கொமாண்டர்தான், அங்கிள். அந்த நேரத்தில அவருக்குத் தெரிஞ்சதை வச்சு."

பாஸிம் சிரித்தான். அன்று முழுக்க அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான். "நல்லது. கொல்லவாறவனின்ரை கையிலையே தராசு."

"ஐ நோ, அங்கிள். ஆனா அதிலதான் பொயின்ற் இருக்கு. அந்த நேரத்தில அவருக்குத் தெரிஞ்சதை வச்சுத்தான் பிறகு கேஸ். அறிவிச்சிருந்தா, எங்களுக்குத் தெரியாது எண்டு அவையாலை சொல்ல ஏலாது. அறிவிக்காட்டி, முதல் சொல்லுற சாட்டே அதுதான். அப்பாவுக்கு விளங்குதோ?"

"விளங்குது," என்றான் குகநாதன். "வை."

அவனுக்கு அது இப்போதுதான் விளங்கியது என்றில்லை. கன வருடமாக விளங்கிக்கொண்டுதான் இருந்தது.

புட்டை மூடி வைத்தான். எழுந்து போய் எழுத்து வெட்டிய ஸ்ரென்சில் தகட்டை நிலத்தில் வைத்து, நாலு மூலையிலும் கல் வைத்து, உருளையைப் பெயின்றில் தோய்த்தான். பாஸிம் பின்னால் வந்து நின்றான்.

"அண்ணை. ஒரு மணி."

"இதை முடிப்பம்."

"காலமை ஏழு மணியிலிருந்து முடிப்பம் முடிப்பம் எண்டு சொல்லுறாய். நான் என்ன கேட்கிறன்? ஓமோ, இல்லையோ. நீ நிண்டனி. நீ கண்டனி. உன்ரை கதையைக் கேட்டுத்தானே நான் அவளை நிப்பாட்டினனான். இப்பவும் கொடாதை எண்டே சொல்லன். நான் அவளுக்குச் சொல்லிப்போட்டு உன்னோட வேலை செய்யிறன். ஏன் வாயைத் திறக்கிறாய் இல்லை?"

குகநாதன் உருளையை வாளியின் விளிம்பில் வைத்தான். அது வழுக்கி உள்ளே விழுந்தது. எடுக்கவில்லை.

"ரெண்டாவது பள்ளிக்கூடம் ஒண்டு இருக்கு," என்றான்.

"என்ன?"

"நான் உனக்குச் சொன்னது முதலாவது பள்ளிக்கூடம். அதுக்குப் பிறகு கடற்கரைப் பக்கமாப் போய் இன்னொரு பள்ளிக்கூடத்திலை ஆஸ்பத்திரி போட்டனாங்கள். அதை நான் ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை."

அவன் ஸ்ரென்சிலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவனுடைய ஆங்கிலத்தில் அது பத்து நிமிடத்துக்கு மேல் எடுத்தது. இரண்டாவது இடத்துக்குப் போன அன்றே டொக்டர் கருவியை நீட்டி, "குகன், மேல ஏறும்" என்றார். அவன் ஏறமாட்டேன் என்றான். கிறிஸ்துராஜாவைப் பொறுக்கி எடுத்துப் புதைத்து நாலு நாள். டொக்டர் வேறு ஆளைக் கூப்பிட்டார். அப்போது குகநாதன், வராந்தாவில் காயக்காரர் எல்லாம் கிடக்க, எல்லாருக்கும் கேட்கக் கத்தினான். இலக்கம் கொடுத்தால் நான் சனத்துக்குச் சொல்லுவேன், டொக்டர் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறார் என்று சொல்லுவேன். அந்த நேரத்தில், அந்த இடத்தில் ஒருவரைப் பார்த்துக் காட்டிக்கொடுக்கிறவர் என்று சொன்னால் என்ன நடக்கும் என்று அவனுக்கும் தெரியும், டொக்டருக்கும் தெரியும். மூன்று நாள் நித்திரை இல்லாத மனிதன். படியில் குந்தி இருந்தார். "சரி, விடும்" என்றார்.

"ஒன்பது நாள் ஒண்டும் விழேல்லை," என்றான் குகநாதன். "சனம் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தது. நீ சொன்னதுதான் சரி எண்டு. பத்தாவது நாள் விடிய விழுந்தது. இருபத்தெட்டுப் பேர். வராந்தாவில கிடந்த ஆக்கள். சிலுவையும் இல்லை, இலக்கமும் இல்லை. விழுந்தது."

பாஸிம் கையிலிருந்த போனை இறக்கினான்.

"பிறகு இஞ்சை வந்து கன வருசத்துக்குப் பிறகு, ட்ராமுக்குள்ளை இருந்து போனிலை ஒரு விவாதம் பார்த்தன். அங்கத்தைய இராணுவத்திலை இருந்த பழைய அதிகாரி ஒருத்தன், கோட்டுப் போட்டுக்கொண்டு இருக்கிறான். இந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்கினம். அவன் சொன்னான், அந்த இடம் ஆஸ்பத்திரி எண்டு எங்களுக்கு ஒருத்தரும் அறிவிக்கேல்லை. அது பொய்யில்லை பாஸிம். நாங்கள் அறிவிக்கேல்லை. முதலாவது பள்ளிக்கூடத்தைக் கேட்டால் அவனுக்குப் பதில் இல்லை, முழுசினான். ரெண்டாவதுக்கு அவனுக்குப் பதில் இருந்தது. அந்தப் பதிலை அவன்ரை கையிலை குடுத்தது நான்."

"மே மாதம் நீ இதைச் சொல்லேல்லை."

"சொல்லேல்லை."

"மேடையிலையும் சொல்லேல்லை. ட்ராமிலையும் சொல்லேல்லை. நான் அக்காவுக்குச் சொல்லப்போறன் எண்டு உனக்குச் சொன்னனான். அப்பவும் சொல்லேல்லை."

"ஓம்."

"ஏன்?"

குகநாதனுக்கு அதற்கு ஆங்கிலம் வரவில்லை. தமிழிலும் வந்திராது. முதல் வருடம் மேடையில் இரண்டையும் சொல்லத்தான் எழுதிக்கொண்டு போனான். நேரம் முடிந்துவிட்டது என்று துண்டு வந்தது. முதல் பாதியோடு இறங்கினான். வந்தவர்கள் கையைப் பிடித்தார்கள், அழுதார்கள். அடுத்த வருடம் அந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டான். பிறகு அதுவே கதையாகிவிட்டது.

"அஞ்சு கிழமை," என்றான் பாஸிம். அவனுடைய சத்தம் ஏறவில்லை, இறங்கிக்கொண்டு போனது. "அஞ்சு கிழமை அவள் உன்ரை பாதிக் கதையிலை நித்திரை கொண்டிருக்கிறாள், குகநாதன்."

மூன்று வருடத்தில் அவன் அந்தப் பெயரைச் சொன்னது முதல்தடவை. சொல்லிப் பழகாத வாயில் அது மூன்று துண்டாக உடைந்து வந்தது.

"அப்ப இப்ப என்ன சொல்லுறாய்? குடுத்தாலும் விழுது. குடுக்காட்டியும் விழுது. என்ன சொல்லுறாய்?"

"குடு."

"ஏன்? உயிர் தப்புமோ?"

"எனக்குத் தெரியாது. சில இடத்திலை தப்பியிருக்கும். தப்பின இடத்தைப் பற்றி ஆர் கதைக்கிறது? தெரியாது. ஆனா தெரியாது எண்டு அவங்கள் சொல்லாமல் இருக்கட்டும்."

"அப்ப அது உன்ரை மகளின்ரை கேசுக்கு. என்ரை அக்காவுக்கு இல்லை."

"ஓமடா!" குகநாதன் கத்தினான். ஹெல்த் சென்ரர் வாசலில் ஊன்றுகோலோடு வந்த ஒரு கிழவி திரும்பிப் பார்த்தாள். "ஓம், கேசுக்குத்தான்! வேறை என்ன இருக்கு எங்கடை கையிலை? நானோ விமானத்தை நிப்பாட்டுறது? மகளோ? கோட்டைப் போடுறம். ஏறுறவன் ஏறுறான். கோடும் இல்லாட்டி, கோடு இருக்கேல்லை எண்டு சொல்லுறான். நான் வேறை என்னத்தைச் சொல்ல?"

பாஸிம் போனை எடுத்துக்கொண்டு கார்பார்க்கின் மற்ற மூலைக்குப் போனான். மதிலைப் பார்த்துக்கொண்டு அரபியில் பேசிப் பதிவுசெய்தான். நீளமான செய்தி. நடுவில் இரண்டு இடத்தில் தன் பெயர் வந்தது மட்டும் குகநாதனுக்குக் கேட்டது. அதற்கு முன்னும் பின்னும் என்ன சொன்னான் என்று தெரியாது. கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தான்.

திரும்பி வந்த பாஸிம் வாளிக்குள் கையை விட்டு உருளையை எடுத்தான். முழங்கைவரை வெள்ளை. இரண்டு பேரும் வேலையைத் தொடர்ந்தார்கள். ஒரு எழுத்து, ஸ்ரென்சிலைத் தூக்கு, அடுத்த எழுத்து. கடைசி எழுத்து முடிந்தபோது மூன்று இருபது. குகநாதன் சக்கரம் இழுத்த மஞ்சளைச் சுரண்டி எடுத்து அந்தக் கோட்டை மறுபடி பூசினான். கோன்களை நெருக்கி வைத்தான். கோன்களுக்கு இடையில் நாடாவும் கட்டினான். கட்டிக்கொண்டிருக்கும்போதே வெள்ளைக் காரில் வந்த ஒருத்தி கண்ணாடியை இறக்கி, "எவ்வளவு நேரத்துக்கு இதை மூடி வச்சிருப்பீங்கள்? நான் எங்கை விடுறது?" என்று கேட்டாள். குகநாதன் கட்டிடத்தின் பின்பக்கம் கையைக் காட்டினான்.

மூன்று நாற்பதுக்குப் பாஸிமின் போன் மணி அடித்தது. குரல் செய்தி. ரீமின் குரல் குகநாதனுக்குத் தெரியும். வானில் எத்தனையோ நாள் கேட்டிருக்கிறான். வேகமாக, அதட்டுகிற மாதிரிப் பேசுவாள். இன்று இன்னும் வேகம். பின்னால் பிள்ளைகளின் சத்தம், ஏதோ இரும்பு இழுபடுகிற சத்தம்.

பாஸிம் இரண்டு தரம் கேட்டான்.

"அனுப்பிட்டாளாம்," என்றான். "கிடைச்சது எண்டு ஒரு வரி வந்திருக்காம். அவ்வளவுதான்."

"அந்தப் பதினோராவது கேள்வி?"

"உள்ளுக்கை ஒருத்தரும் இல்லை, தெருவுக்கு நான் பொறுப்பில்லை எண்டு எழுதினாளாம். அப்பிடி எழுதப் படிவத்திலை இடமில்லையாம். மேல, பேர் எழுதிற இடத்துக்குப் பக்கத்திலை எழுதினாளாம்."

குகநாதன் தலையாட்டினான். நல்லது என்று சொல்கிற விஷயமில்லை.

"உன்னட்டை ஒண்டு கேட்கச் சொன்னாள்," என்றான் பாஸிம். முகம் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. "ரெண்டாவது பள்ளிக்கூடத்திலை தப்பின ஆக்கள் எங்கை இருந்தவை எண்டு."

குகநாதன் நிமிர்ந்தான். பதினைந்து வருடத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி.

"பங்கருக்குள்ளை," என்றான். "முத்தத்திலை வெட்டின பதுங்குகுழி. வராந்தா ஆக்கள்தான் செத்தது. பங்கருக்குள்ளை இருந்ததிலை ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை."

"மேலயிருந்து விழுறது பங்கருக்கு நேர விழுந்தால்?"

"நேர விழுந்தால் ஒண்டும் செய்யேலாது. அங்கை விழுற குண்டுக்கு எங்கடை பங்கர் என்ன?"

"அது அவளுக்கும் தெரியும். பக்கத்துக் கட்டிடத்துக்கு விழுந்தால்? போன கிழமை மாதிரி?"

"அதுக்கு உதவும். கண்ணாடி, கல்லு, இரும்புத் துண்டு எல்லாம் மேலாலை போகும்."

"எப்பிடி வெட்டுறது?"

குகநாதன் வானுக்குள்ளிருந்து சோக்குக் கட்டியை எடுத்துவந்தான். அம்புலன்ஸ் கோட்டுக்கு வெளியே, வெறும் தாரில், முழங்காலில் இருந்து கீறினான். நேராக வெட்டக் கூடாது. நடுவில் மடங்கவேண்டும். ஒரு வாசலால் வருகிற துண்டு மடிப்பில் அடிபட்டு நின்றுவிடும். இரண்டு பக்கமும் வாசல். மேலே மரம், மரத்துக்கு மேலே மண்மூட்டை. "சாக்கு இல்லாட்டி சீலையிலை தைக்கலாம். எங்கடை பொம்பிளையள் கூறைச் சேலையெல்லாம் வெட்டித் தைச்சவை. அங்கை சீலை இல்லையெண்டால் மெத்தை விரிப்பு, திரைச்சீலை, எதெண்டாலும்." நடக்க ஏலாத நோயாளிகளுக்குக் கட்டிடத்தின் உள் அறை, வெளிச்சுவரிலிருந்து இரண்டு சுவர் தள்ளி. யன்னலுக்கு எதிரே ஒருத்தரையும் கிடத்த வேண்டாம். வராந்தாவில் ஒருக்காலும் வேண்டாம். கீறக் கீற அவனுக்குக் கை வேகம் பிடித்தது. அம்புக்குறி போட்டான், அகலத்தை அடியில் எழுதினான், பிறகு அதை அழித்து மீற்றரில் எழுதினான்.

பாஸிம் போனை உயர்த்தி ஒவ்வொன்றாகப் படம் எடுத்தான்.

"எவ்வளவு ஆழம்?"

குகநாதன் எழுந்து நின்றான். இலக்கம் சொல்ல வாயெடுத்தான், பிறகு கையை நெஞ்சில் வைத்துக் காட்டினான். "இவ்வளவு. குந்தியிருந்தா தலை தெரியக் கூடாது."

"கையை எடுக்காதை," என்றான் பாஸிம். "அப்பிடியே நில்."

முதல் மழைத்துளி சோக்குக் கோட்டில் விழுந்தது. நாலு ஆக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. பொக்கெற்றுக்குள் ஜெரோசனின் அழைப்பு அடித்துக்கொண்டே இருந்தது. குகநாதன் நெஞ்சில் வைத்த கையை எடுக்காமல் நின்றான். பாஸிம் பின்னுக்குப் போய், அவன் கால்முதல் தலைவரை தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தான். திருப்தியில்லை. இன்னும் ஓர் அடி பின்னுக்குப் போனான்.